ஒரு குழந்தை, மூன்று வயதுகள்

சில ஆண்டுகளுக்கு முன் என் மேசைக்கு வந்த ஒரு படிவத்தில் ஒரே குழந்தைக்கு மூன்று வயதுகள் இருந்தன. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், தாய் சொன்னதைக் கேட்டுப் பணி மருத்துவர் எழுதியிருந்த வயது ஒன்றரை. பிறந்த தேதிக்கான கட்டத்தில் 12/05 என்றும், பயாப்சி எடுத்த தேதிக்கான கட்டத்தில் அடுத்த ஆண்டின் 03/09 என்றும் இருந்தன. நாம் படிக்கும் முறைப்படி அவை மே 12, செப்டம்பர் 3; இடையே 479 நாட்கள். ஆனால் படிவத்தை ஏற்றுக்கொண்ட மென்பொருள் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. அதன் கணக்கில் அந்தக் குழந்தை டிசம்பர் 5 அன்று பிறந்து மார்ச் 9 அன்று பயாப்சிக்கு வந்துவிட்டது. வயது 94 நாட்கள். (தேதிகளை இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், சிக்கல் மட்டும் நடந்தபடியே.) இரண்டு தேதிகளும் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் செல்லுபடியாகும் தேதிகளாக இருந்ததால் மென்பொருள் ஒரு கேள்வியும் எழுப்பவில்லை. பிறந்த நாள் 13 ஆக இருந்திருந்தால், பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால், அது அங்கேயே நின்றிருக்கும்.

நான் மருத்துவரல்லன். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கு வரும் நோயாளிகளின் விவரங்களைச் சரிபார்ப்பது என் தொழில். முரண்பட்ட இரண்டு கட்டங்களைக் கண்டால் அந்த மருத்துவமனைக்கு ஒரு கேள்வி அனுப்ப வேண்டும். எங்கள் தொழிலில் அதைக் குவெரி என்பார்கள். பெரும்பாலான குவெரிகள் சலிப்பூட்டுபவை. இந்தக் குவெரியை மட்டும் நான் மறக்காததற்குக் காரணம், அந்தக் குழந்தைக்கு வந்திருந்த நோய் நியூரோபிளாஸ்டோமா என்பதும், அந்த நோயில் ஒன்றரை வயது என்பது வெறும் வயதல்ல, ஓர் எல்லைக்கோடு என்பதும்தான். பன்னாட்டு ஆய்வாளர்கள் அந்தக் கோட்டை நாட்களில் எழுதுகிறார்கள்: 547. தாய் வாய்க்கு வந்தபடி சொன்ன ஒன்றரை வயதை நாட்களாக மாற்றினால் மிகச் சரியாக அந்தக் கோட்டின் மேல் வந்து நிற்கும்.

நியூரோபிளாஸ்டோமா சிறு குழந்தைகளின் புற்றுநோய். கருவில் நரம்பு மண்டலமாக வளர வேண்டிய முதிராத செல்களிலிருந்து தோன்றுகிறது. பெரும்பாலும் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டியாகத் தெரியவரும். அமெரிக்கா போன்ற பெரிய நாட்டிலேயே ஆண்டுக்கு 700 முதல் 800 குழந்தைகளுக்குத்தான் இது கண்டறியப்படுகிறது. இந்த நோய்க்கு ஒரு விந்தையான குணமும் உண்டு. கைக்குழந்தைகள் சிலருக்குக் கல்லீரலிலும் தோலிலும் பரவிய பிறகுகூட, பெரிய சிகிச்சை எதுவுமில்லாமல் தானாகவே வடிந்துவிடும். அதே பெயருள்ள நோய் மூன்று வயதுக் குழந்தையின் எலும்புக்குள் பரவியிருந்தால், மருத்துவத்தில் உள்ள கடுமையான ஆயுதங்கள் அனைத்தையும் எடுத்தும் பாதிப் பேரைக் காப்பாற்றுவதே போராட்டமாகிவிடும். எனவே இந்த நோயில் மருத்துவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த மருந்து என்பதையல்ல. இது எந்த வகைக் குழந்தை என்பதை.

வயது கூடக் கூட நிலைமை மோசமாகிறது என்பதைப் புள்ளியியலாளர் நார்மன் பிரெஸ்லோவும் பெவர்லி மெக்கானும் 1971-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே காட்டியிருந்தார்கள். ஆனால் மருத்துவமனையில் பயன்படுத்த ஒரு கோடு வேண்டுமே. அதற்கு 365 நாட்கள் என்ற எண் பல பத்தாண்டுகள் நிலைத்துவிட்டது. நோய் முதல் பிறந்தநாள் கேக்கைப் பார்த்துவிட்டு மனம் மாறுவதில்லை. இருந்தாலும் பதின்மூன்று மாதக் குழந்தைக்கு நோய் பரவியிருந்தால், கோட்டுக்கு அப்பால் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால், உயர் அளவு கீமோதெரபி, அதில் அழியும் எலும்பு மஜ்ஜையை மீளச் செய்யும் ஸ்டெம் செல் மீட்பு, கதிர்வீச்சு என்று முழுப் பட்டியலும் அதன்மேல் இறங்கும். இந்தச் சிகிச்சையில் பயன்படும் சிஸ்பிளாட்டின் மருந்து காது கேட்கும் திறனைக் குறைக்கக்கூடியது. பேசக் கற்றுக்கொள்ளும் வயதில் அது எத்தகைய இழப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கோடு தவறான இடத்தில் இருக்கிறது என்று சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். நிரூபிப்பதுதான் கடினம். நோயுள்ள குழந்தைகளே குறைவு. அவர்களில் பன்னிரண்டு மாதத்துக்கும் பதினெட்டு மாதத்துக்கும் இடைப்பட்டவர்கள் மேலும் குறைவு. அவர்களில் நோய் பரவியவர்கள், அவர்களிலும், பெருகினால் நோயை மூர்க்கமாக்கும் மிக்-என் என்ற மரபணு அளவுக்கு மீறிப் பெருகாதவர்கள் என்று சல்லடையை மாற்றிக்கொண்டே போனால், கடைசிச் சல்லடையில் ஒரு மருத்துவமனைக்கு ஒன்றிரண்டு பேர்கூட மிஞ்சுவது அரிது. வென்டி லண்டன் என்ற புள்ளியியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் பல மருத்துவமனைகள் இணைந்து ஆய்வு நடத்தும் வட அமெரிக்கக் கூட்டமைப்புகளில் சேர்ந்திருந்த 3,666 குழந்தைகளின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்து, கோடு 15 மாதத்துக்கும் 19 மாதத்துக்கும் இடையில் எங்கோ இருக்க வேண்டும் என்று 2005-இல் காட்டினார்கள். அது ஒரு கண்டத்தின் சான்று. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அதே நோய்க்கு வேறு வகைப்பாடுகள் வழக்கத்தில் இருந்தன. ஒருவருடைய முடிவை மற்றவர் தம் நோயாளிக்குப் பொருத்திப் பார்க்க வழியில்லை.

சர்வதேச நியூரோபிளாஸ்டோமா இடர்க் குழு, சுருக்கமாக ஐ.என்.ஆர்.ஜி., 2004-இல் தோன்றியது இந்த முட்டுச்சந்தில்தான். சிகாகோவைச் சேர்ந்த சூசன் கோன், பிரிட்டனைச் சேர்ந்த ஆண்ட்ரூ பியர்சன் ஆகியோர் இணைந்து தலைமை வகித்தனர். வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய இடங்களின் கூட்டமைப்புகள் 1990 முதல் 2002 வரை நோய் கண்டறியப்பட்ட 8,800 குழந்தைகளின் விவரங்களை ஒரே தளத்தில் சேர்த்தன. 2005-இல் கனடாவின் விஸ்லரில் மருத்துவர்களும் நோயியல் வல்லுநர்களும் மரபணு ஆய்வாளர்களும் புள்ளியியலாளர்களும் ஒன்றுகூடினர். முடிவுகள் 2009-இல் வெளிவந்தன.

இதை வெளியிலிருந்து படிப்பவர்களுக்கு, நாடுகள் பெருந்தன்மையோடு தரவுகளை அள்ளிக் கொடுத்தன, கணினி விடையைச் சொல்லிவிட்டது என்று தோன்றும். என் தொழிலில் இருப்பவர்கள் அப்படி நம்ப மாட்டார்கள். கோப்பை அனுப்புவது ஒரு நாள் வேலை. அந்தக் கோப்பில் உள்ள ஒவ்வொரு கட்டமும் அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் ஒரே பொருளைத் தருகிறதா என்று பார்ப்பது ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. எடுத்துக்காட்டாக, நோயின் நிலை என்ற கட்டம். 1988-இல் வகுக்கப்பட்டு 1993-இல் திருத்தப்பட்ட பன்னாட்டு முறையில், கட்டியை எவ்வளவு வெட்டி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து நிலை மாறும். ஒரே அளவுள்ள, ஒரே இடத்தில் இருக்கும் கட்டியை ஓர் அறுவை மருத்துவர் முழுவதுமாக அகற்றிவிட்டால் அது முதல் நிலை; இன்னொருவர் பக்கத்து இரத்தக் குழாயை நினைத்து அஞ்சிக் கொஞ்சம் விட்டுவைத்தால் அது இரண்டாம் நிலை. அப்படியானால் அந்தக் கட்டத்தில் இருப்பது நோயைப் பற்றிய செய்தியா, அறுவை மருத்துவரின் துணிச்சலைப் பற்றிய செய்தியா? ஒரே ஊரில் இதைச் சமாளித்துவிடலாம், ஏனெனில் எந்த மருத்துவர் எப்படி என்பது எல்லோருக்கும் தெரியும். நான்கு கண்டங்களின் கோப்புகள் ஒன்றாக வரும்போது அந்த உள்ளூர் அறிவு வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

ஆகவே அந்தக் குழு, நிலையை அறுவைக்கு முன்பே ஸ்கேன் படத்தைப் பார்த்து முடிவு செய்யும் புதிய முறையை வகுத்தது. நார்வேயைச் சேர்ந்த டாம் மோன்கிளேர் அதை விளக்கும் கட்டுரையின் முதல் ஆசிரியர். கட்டி முக்கியமான இரத்தக் குழாய்களையோ முதுகுத்தண்டையோ சூழ்ந்திருக்கிறதா என்பன போன்ற அடையாளங்கள் பட்டியலிடப்பட்டன. அவை எதுவும் இல்லையென்றால் எல்1, ஒன்றாவது இருந்தால் எல்2, தொலைவில் பரவியிருந்தால் எம், பதினெட்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தோல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றோடு பரவல் நின்றிருந்தால் எம்.எஸ். இப்போது ஒசாகாவில் பார்த்தாலும் ஆஸ்லோவில் பார்த்தாலும் ஒரே படத்துக்கு ஒரே எழுத்துதான் வர வேண்டும். மருந்து கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைக்கும் புகழ் இதற்குக் கிடைப்பதில்லை. எனக்கு இதுதான் அந்த முயற்சியின் மிகப் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

காலியாக உள்ள கட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த 8,800 பேரில் ஏறக்குறைய 7,100 பேருக்குத்தான் மிக்-என் சோதனையின் முடிவு இருந்தது. அவர்களில் 16 சதவீதம் பேருக்கு அந்த மரபணு பெருகியிருந்தது. மிச்சமுள்ளவர்களுக்கு என்னவென்று தெரியாது. காலிக் கட்டம் என்பது சோதனை செய்யவில்லை என்று பொருள்படலாம், செய்தும் விளங்கவில்லை என்று பொருள்படலாம், செய்த முடிவு வேறொரு கட்டிடத்தின் ரெக்கார்டு ரூமில் கிடக்கிறது என்றும் பொருள்படலாம். இவற்றை வேறுபடுத்தும் குறியீடு தொடக்கத்திலேயே இல்லையென்றால் பிறகு எந்தப் புள்ளியியலாலும் அதை மீட்க முடியாது. என் முதல் வேலையில் தெரியாது என்பதற்கு ஒரு மருத்துவமனை 9 என்றும் இன்னொன்று 99 என்றும் போட்டு அனுப்பியதில், மாதக் கணக்கில் வயது எழுதும் கட்டத்தில் எட்டே கால் வயதுக் குழந்தைகள் திடீரென்று பெருகிவிட்டார்கள்.

சேர்த்துப் பார்த்ததன் பலன் தெளிவாகவே வந்தது. வயதுக் கோடு 547 நாட்களுக்கு நகர்ந்தது. வயது, நிலை, திசுவின் தன்மை, மிக்-என், பதினோராம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் உள்ள குறைபாடு, செல்லில் உள்ள மரபுப்பொருளின் அளவு ஆகியவற்றை வைத்துக் குழந்தைகள் 16 பிரிவுகளாகவும், அவை மிகக் குறைந்த இடர் முதல் உயர் இடர் வரை நான்கு படிகளாகவும் வகுக்கப்பட்டன. ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருக்கும் வாய்ப்பு முதல் படியில் 85 சதவீதத்துக்கு மேல். கடைசிப் படியில் 50 சதவீதத்துக்குக் கீழ். என் மேசைக்கு வந்த குழந்தைக்கு இதன் பொருள் என்னவென்று பாருங்கள். நோய் பரவியிருந்தது; மிக்-என் பெருகவில்லை. தாய் சொன்ன ஒன்றரை வயதை, அதாவது 547 நாட்களை, எடுத்துக்கொண்டால் அது உயர் இடர். ஸ்டெம் செல் சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும். 479 நாட்கள் என்றால் குறைந்த அல்லது நடுத்தர இடர். மிதமான கீமோதெரபியோடு முடியலாம். மருத்துவமனை சரியான தேதியை அறிந்தே சிகிச்சை அளித்திருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. ஆய்வுத் தரவில் மட்டும் அது 94 நாள் சிசுவாக நுழைந்து, சிசுக்களின் சராசரியில் கலந்துவிட இருந்தது.

அந்தத் தளம் இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் பராமரிக்கப்படுகிறது. குழந்தைகளின் எண்ணிக்கை 20,000-ஐக் கடந்துவிட்டது. நோய் திரும்பிய 2,266 குழந்தைகளை மட்டும் தனியே எடுத்து, திரும்பிய பிறகு யார் பிழைக்கிறார்கள் என்று 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. இதே பாதையில், குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோயான ஹெபடோபிளாஸ்டோமாவுக்கு நான்கு கூட்டமைப்புகள் 1,605 குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்து 2017-இல் புதிய இடர் வகைப்பாட்டை வெளியிட்டன. அரிய புற்றுநோய் என்று ஐரோப்பியர்கள் வரையறுப்பது ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாக வருவதை. தனித்தனியே அரியவை என்றாலும் அவை எல்லாம் சேர்ந்தால் அங்கே வரும் புற்றுநோய்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்.

இனி, அந்தரங்கம். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று கணினி அறிவியலாளர் லட்டான்யா ஸ்வீனி 2000-ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். அரிய நோய் என்றால் மூன்றும் தேவையில்லை. மாவட்டத்தின் பெயரும் நோயின் பெயருமே போதும். பெயரை நீக்கிவிட்டோம் என்று சொல்வது அங்கே ஒப்புக்குச் சொல்வது. (நம் ஊரில் அந்தக் குழந்தையின் படமும் மருத்துவமனைப் பில்லும் தந்தையின் வங்கிக் கணக்கு எண்ணும் உதவி கேட்டு வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் என்பது வேறு கதை.) இதற்கு எங்கள் தொழிலில் கைக்கொள்ளும் எளிய வழி, தேதிகளையே அனுப்பாமல் இருப்பது. நோய் கண்டறிந்த நாளைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, பிறப்பு அதற்கு 479 நாட்கள் முன்பு, அறுவை 96 நாட்கள் பின்பு என்று இடைவெளிகளை மட்டும் எழுதலாம். ஆய்வுக்கு வேண்டியது இடைவெளிதான். ஆனால் அந்தக் கழித்தலை யார், எந்த இடத்தில் செய்கிறார்கள் என்பது முக்கியம். மருத்துவமனையிலேயே தவறாகக் கழித்து அனுப்பிவிட்டால், எனக்கு வரும் 94 என்ற எண்ணைப் பார்த்து நான் எதையும் சந்தேகிக்க முடியாது. மறைப்பதும் சரிபார்ப்பதும் ஒன்றையொன்று இழுக்கும் இரண்டு கயிறுகள்.

2018 மே 25 அன்று ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு இந்த இழுபறி கூடியது. பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போட்ட தரவும் அந்தச் சட்டத்தின் பார்வையில் பொதுவாகத் தனிநபர் தரவுதான். ஐரோப்பாவுக்கு வெளியே பல நாடுகளுக்கு அனுப்பத் தனி ஒப்பந்தங்கள் வேண்டும். இதற்கு மாற்றாக இப்போது பலரும் பேசுவது, தரவு வீட்டிலேயே இருக்க, கணக்குப் போடும் நிரல் மட்டும் ஊர் ஊராகச் சென்று வரும் முறை. நெதர்லாந்தின் புற்றுநோய்ப் பதிவேடும் தைவானின் பதிவேடும் வாய்ப் புற்றுநோய் பற்றி 2020-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெற்றிலை பாக்கு மெல்லும் வழக்கமுள்ள தைவானில் அந்த நோய் அதிகம், நெதர்லாந்தில் குறைவு. இரண்டு நாட்டிலும் தனித்தனி நோயாளிகளின் விவரங்கள் அடங்கிய தரவு வரிகள் எல்லை தாண்டவில்லை. இடைநிலைக் கணக்கு எண்கள் மட்டுமே தாண்டின.

நல்ல முறைதான். எனக்கு ஒரே ஒரு தயக்கம். மொத்த எண்கள் மட்டும் பயணிக்கும்போது, தனி வரியைப் பார்க்கும் கண் எங்கும் இல்லாமல் போகிறது. என் 94 நாள் சிசு அகப்பட்டது, ஒரே ஆளின் முன் கேஸ் ஷீட்டின் முதல் பக்கமும் கணினி காட்டிய வயதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால். நிரல் மட்டும் வந்து கூட்டிக் கழித்துவிட்டுப் போயிருந்தால் சராசரி கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஏனென்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனவே தரவை வெளியே அனுப்பாத மருத்துவமனை, அந்தச் சரிபார்ப்புக்கான ஆளை உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். மென்பொருளுக்குக் கிடைக்கும் நிதி இந்த ஆளின் சம்பளத்துக்குக் கிடைப்பதில்லை என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

2009-இல் வெளிவந்த அந்த வகைப்பாட்டை உருவாக்கிய கூட்டமைப்புகளில் இந்தியா இல்லை. அதன் பயன் மட்டும் இங்கேயும் வந்து சேர்ந்தது. காரணத்தைச் சட்டத்தில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. அரசு தடுக்கும் நாடுகள் தவிர மற்றவற்றுக்குத் தரவை அனுப்ப இடம் தருகிறது. உரிய நெறிகளுக்கு உட்பட்ட ஆராய்ச்சிக்கு விலக்கும் தருகிறது. சட்டத்தைவிடக் கட்டங்களே பெரிய தடை என்று நான் நினைக்கிறேன். சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போன குழந்தையை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பணக்கார நாடுகளில் அமைந்த படிவத்தில் நோய் திரும்பியது, இறந்தது, நலமாக உள்ளது, தொடர்பு அறுந்தது என்ற நான்குதான் இருக்கும். பேருந்துச் செலவுக்கு வழியில்லாமலும், வீட்டில் இன்னொரு குழந்தையைப் பார்க்க ஆளில்லாமலும் வராமல் போன குழந்தையைத் தொடர்பு அறுந்தது என்று எழுதினால், அது கடைசியாக வந்த நாள்வரை நலமாக இருந்ததாகக் கணக்கில் ஏறும். நம் முடிவுகள் உள்ளதைவிட அழகாகத் தெரியும். பன்னாட்டுக் குழந்தைப் புற்றுநோய்ச் சங்கத்தின் குழு ஒன்று, நான்கு வாரங்கள் தொடர்ந்து சிகிச்சைக்கு வராததைக் கைவிடல் என்று தனியே குறிக்கவும், அதைச் சேர்த்தும் சேர்க்காமலும் முடிவுகளை வெளியிடவும் பரிந்துரைத்திருக்கிறது. அந்த ஒரு கட்டம் இல்லாத படிவத்தோடு நாம் எந்தக் கூட்டணியில் சேர்ந்தாலும் நம் குழந்தைகள் அங்கே பொய்யாகத்தான் பதிவாவார்கள்.

நான் அனுப்பிய குவெரிக்குப் பதினோரு நாட்கள் கழித்துப் பதில் வந்தது. மருத்துவமனையில் அந்தப் பொறுப்பில் இருந்த செவிலியர், அடுத்த முறை ஊசிக்கு வந்தபோது தாயிடம் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். பிறந்த அன்றே போட்ட பி.சி.ஜி. ஊசிக்கு நேரே, மாதத்தை எண்ணில் எழுதாமல் மே என்று எழுத்திலேயே எழுதியிருந்தார்கள் என்று குறிப்பில் தெரிவித்திருந்தார். ஒன்றரை வயது என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, ஒன்றேகால் முடிந்துவிட்டதே, பிறகு ஒன்றரைதானே என்று தாய் சொன்னாராம்.

அதன் பிறகு நான் தயாரிக்கும் படிவங்களில் மாதத்தை எழுத்தில் மட்டுமே தேர்வு செய்யும்படி வைத்திருக்கிறேன். பிறந்த தேதிக்குப் பக்கத்தில் சிறிய கட்டம் ஒன்றும் சேர்த்திருக்கிறேன். அதில் நான்கு தேர்வுகள்: பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பெற்றோர் சொன்னது, தெரியாது. முதல் ஆண்டு அதை நிரப்பச் சொல்லி எல்லா மருத்துவமனைகளுக்கும் நினைவூட்ட வேண்டியிருந்தது. இப்போது முக்கால்வாசிப் பேர் கேட்காமலே நிரப்புகிறார்கள்.